ஃபோன்ல இருக்குற வீடியோவ ஒயர் இல்லாம டிவில போடுறது எப்படி

ஸ்மார்ட் டிவி வாங்கி சுவத்துல மாட்டியாச்சு, ஆனா நிறைய வீட்ல இன்னும் எல்லாரும் ஃபோனதான் மூஞ்சிக்கு நேரா புடிச்சுகிட்டு இருக்காங்க, பேத்தி ஸ்கூல்ல டான்ஸ் ஆடுன வீடியோ வந்தா கூட தாத்தா கண்ணாடிய ஏத்தி விட்டுகிட்டு ஃபோன கைநீட்டி தூரமா வச்சு பாக்குறாரு, எதுத்தாப்லயே 43 இன்ச் டிவி சும்மா இருக்கு. இத்தனைக்கும் இதுக்கு தனியா எந்த ஒயரும் பாக்ஸும் வாங்க வேணாம், பெரும்பாலான வீட்ல தேவையான எல்லாமே ஏற்கனவே இருக்கு. எந்த பட்டன எதுக்கு அமுக்கணும்னு யாரும் உக்காந்து சொல்லித்தரல, அவ்ளோதான். அத தான் இங்க பொறுமையா எழுதுறேன், பெரியவங்களுக்கு செஞ்சு குடுக்குற புள்ளைங்களும் படிங்க.

மொதல்ல ஒரு விஷயம் மனசுல ஏத்திக்கணும், இது புரிஞ்சா மிச்சம் எல்லாம் ஈசி. ஃபோன்ல இருந்து டிவிக்கு அனுப்புறதுல ரெண்டு வகை இருக்கு, ஒண்ணு மிரரிங், இன்னொண்ணு காஸ்டிங். ரெண்டையும் ஒண்ணுனு நெனச்சுகிட்டு செய்யறதால தான் படம் திக்குது, ஃபோன் கொதிக்குது, ஸ்க்ரீன் கருப்பா வருதுனு எல்லா கம்ப்ளைன்ட்டும் வருது. மிரரிங்னா உங்க ஃபோன் ஸ்க்ரீன்ல என்ன தெரியுதோ அத அப்படியே, வாட்ஸ்அப் மெசேஜ் வந்தா அதையும் சேத்து, ஃபோன் நொடிக்கு நொடி வீடியோவா மாத்தி டிவிக்கு அனுப்பிகிட்டே இருக்கும். காஸ்டிங்ல அப்படி இல்ல, ஃபோன் டிவிகிட்ட "இந்த வீடியோவ போடு" னு லிங்க மட்டும் குடுத்துட்டு ஒதுங்கிக்கும், டிவியே நேரா இன்டர்நெட்ல இருந்து வீடியோவ எடுத்து ஓட்டிக்கும். மிரரிங்ல ஃபோன் குடத்துல தண்ணி மொண்டு மொண்டு கொண்டு போய் ஊத்துதுன்னா, காஸ்டிங்ல டிவி நேரா குழாயிலயே புடிச்சுக்குது.

இதனால என்ன லாபம்னா, காஸ்ட் பண்ணும்போது ஃபோன் வெறும் ரிமோட் தான். ஸ்க்ரீன ஆஃப் பண்ணலாம், கால் வந்தா பேசலாம், வேற ஆப் தொறக்கலாம், டிவில படம் பாட்டுக்கு ஓடும், பேட்டரியும் பெருசா எறங்காது, குவாலிட்டியும் டிவிக்கு ஏத்த மாதிரி முழுசா வரும். அதனால என் அபிப்ராயம், ஆப்ல காஸ்ட் பட்டன் இருந்தா மிரரிங் பக்கம் போகவே போகாதீங்க. காஸ்ட் பட்டன் இல்லாத எடத்துக்கு மட்டும்தான் மிரரிங்.

அந்த காஸ்ட் பட்டன் எப்படி இருக்கும்னா, ஒரு சின்ன டிவி பெட்டி படம், அதோட கீழ் இடது மூலைல வைஃபை மாதிரி மூணு வளைவு கோடு. யூடியூப்ல, கூகுள் ஃபோட்டோஸ்ல, நிறைய ஓடிடி ஆப்ல மேல வலது பக்கம் பாத்தீங்கன்னா இருக்கும்.

அடுத்து உங்க டிவி என்ன வகைனு பாத்துக்கோங்க. சோனி, டிசிஎல், ஷாவ்மி மாதிரி கம்பெனில பல மாடல் ஆண்ட்ராய்ட் டிவி இல்லன்னா கூகுள் டிவில ஓடுது, அதுல கூகுள் காஸ்ட்ங்குற கூகுளோட காஸ்டிங் வசதி உள்ளயே இருக்கும், பெட்டி மேலயே கூகுள் காஸ்ட்னோ, அதோட பழைய பேரான க்ரோம்காஸ்ட் பில்ட் இன்னோ போட்டுருப்பாங்க. சாம்சங்ல டைசன்னு அவங்க சொந்த சிஸ்டம், எல்ஜில வெப்ஓஎஸ். எல்ஜி 2024 மாடல்கள்ல இருந்து கூகுள் காஸ்ட் குடுக்க ஆரம்பிச்சாங்க. சாம்சங் டிவில யூடியூப் காஸ்ட் நல்லாவே வேல செய்யும், ஆனா வேற சில ஆப்ல காஸ்ட் பட்டன அமுக்குனா டிவி பேரு லிஸ்ட்ல வராது, அதுக்காக டிவி ரிப்பேர்னு பயப்படாதீங்க. அப்புறம் அமேசானோட ஃபயர் டிவி இருக்கு, ஸ்டிக்காவும் வருது டிவிக்குள்ளயும் வருது. விலை ரொம்ப கம்மியா, கேள்விப்படாத பேர்ல வர்ற சில டிவில ஸ்மார்ட்னு எழுதிருக்கும், ஆனா உள்ள சாதா ஆண்ட்ராய்ட போட்டு குடுத்துருப்பாங்க, அதுல கூகுள் காஸ்ட் முறையா இருக்காது, மிரரிங் மட்டும்தான் நம்பிக்கை. புதுசா டிவி வாங்க போறவங்க கூகுள் காஸ்ட் இருக்கானு கேட்டுட்டு வாங்குங்க.

இப்ப வேலைக்கு வருவோம். காஸ்டிங்குக்கு அடிப்படை ஒண்ணே ஒண்ணு, ஃபோனும் டிவியும் ஒரே வைஃபைல இருக்கணும். ஃபோன் மொபைல் டேட்டால இருந்துகிட்டு டிவி வைஃபைல இருந்தா ஒண்ணையொண்ணு கண்டுபிடிக்காது. டிவில செட்டிங்ஸ் போய் நெட்வொர்க்ல எந்த வைஃபை பேரு இருக்குனு பாருங்க, அதே பேர ஃபோன்லயும் கனெக்ட் பண்ணுங்க. நம்ம ஊர் ஃபைபர் கனெக்ஷன் ரவுட்டர்ல பெரும்பாலும் ரெண்டு பேரு வரும், ஒண்ணு சாதா 2.4 ஜிகாஹெர்ட்ஸ், இன்னொண்ணு கடைசில 5ஜினு போட்டது (இது ஃபோன் 5ஜி இல்ல, 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை). ரெண்டும் ஒரே ரவுட்டர்ல இருந்து வந்தா பொதுவா ஒண்ணையொண்ணு பாத்துக்கும், ஆனா சில ரவுட்டர்ல பிரிச்சு வச்சுருப்பாங்க, அதனால சந்தேகமா இருந்தா ஃபோனையும் டிவியையும் ஒரே பேர்ல போட்டு பாத்துருங்க.

யூடியூப்ல இருந்து ஆரம்பிங்க, அதுதான் ரொம்ப ஈசி. ஃபோன்ல யூடியூப் தொறந்து காஸ்ட் பட்டன தொடுங்க, கீழ லிஸ்ட் வரும், அதுல உங்க டிவி பேர தொடுங்க, டிவில யூடியூப் தானா தொறந்துக்கும், அப்புறம் நீங்க ஃபோன்ல எந்த வீடியோவ தொட்டாலும் டிவில ஓடும். ஃபோனோட வால்யூம் பட்டன்லயே டிவி சத்தத்த ஏத்தலாம் எறக்கலாம். ஒரு வீடியோ ஓடிகிட்டு இருக்கும்போதே இன்னொண்ண தொட்டா இப்பவே போடவா, கியூல சேக்கவானு கேக்கும், கியூல சேத்தா வரிசையா ஓடும், வீட்ல நாலு பேரு உக்காந்து ஆளுக்கொரு பாட்டு போடுறப்போ சண்டை இல்லாம இருக்கும். குவாலிட்டி கம்மியா தெரிஞ்சா ஃபோன்ல தேடாதீங்க, டிவி ரிமோட்ட எடுத்து ஓடுற வீடியோ மேல ஓகே அமுக்கி, கியர் மாதிரி இருக்குறதுக்கு போய் அங்க மாத்துங்க, ஏன்னா வீடியோவ எடுக்குறது டிவி தான்.

லிஸ்ட்ல டிவி பேரே வரலயா, யூடியூப்க்கு மட்டும் ஒரு நல்ல வழி இருக்கு. டிவில யூடியூப் ஆப் தொறந்து செட்டிங்ஸ்குள்ள போனா டிவி கோட் மூலமா லிங்க் பண்ணுற ஆப்ஷன் இருக்கும், அத தொறந்தா 12 இலக்கத்துல ஒரு நம்பர் காட்டும். ஃபோன்ல அதே காஸ்ட் பட்டன அமுக்கி, டிவி கோட் போட்டு லிங்க் பண்ணுங்குறத தேர்ந்தெடுத்து அந்த நம்பர அடிச்சா முடிஞ்சுது. இதுல ஃபோனும் டிவியும் ஒரே வைஃபைல இருக்கணும்னு கூட அவசியம் இல்ல, ரெண்டுலயும் நெட் இருந்தா போதும். ஃபோன்லயே ஹாட்ஸ்பாட் போட்டு டிவிக்கு நெட் குடுக்குறவங்களுக்கு சில ஃபோன்ல காஸ்ட் பட்டன் சரியா வராது, அவங்களுக்கு இது ரொம்ப உதவும்.

ஹாட்ஸ்பாட்னு சொன்னதும் ஒரு எச்சரிக்கை. டிவில ஹெச்டி ஓடுனா டேட்டா எக்கச்சக்கமா போகும். நெட்ஃபிளிக்ஸ் அவங்களே குடுத்துருக்குற கணக்குப்படி ஹெச்டில ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரைக்கும், 4கேல 7 ஜிபி வரைக்கும் போகலாம், நாம போடுற ரீசார்ஜ்ல ஒரு நாளைக்கு 1.5 ஜிபியோ 2 ஜிபியோ தான், பாதி படத்துலயே தீந்துரும். ஹாட்ஸ்பாட்ல பாக்குறதா இருந்தா குவாலிட்டிய 480பில வச்சு பாருங்க.

ஓடிடி ஆப்ல காஸ்ட் பண்ணுறது பத்தி நான் நேராவே சொல்லிடறேன், ஆப் டிவிலயே கெடச்சா டிவிலயே இன்ஸ்டால் பண்ணி லாகின் பண்ணிடுங்க, அதுதான் தலைவலி இல்லாத வழி. லாகின் பண்ண டிவி ரிமோட்ல எழுத்து எழுத்தா அடிக்கணுமேனு சலிச்சுக்க வேணாம், பெரும்பாலும் டிவில ஒரு கோட் இல்லன்னா கியூஆர் காட்டும், ஃபோன்ல ஸ்கேன் பண்ணா போதும். இன்னொண்ணு, சில பிளான் ஃபோனுக்கு மட்டும்தான். நெட்ஃபிளிக்ஸ் மொபைல் பிளான்னு இந்தியால 2019ல கொண்டு வந்தாங்க, அது ஃபோனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும், அத வச்சுகிட்டு டிவில என்ன முட்டி மோதுனாலும் வராது, வைஃபைலயும் டிவிலயும் தப்பு தேடி நேரத்த வீணாக்காதீங்க. ரீசார்ஜோட ஃப்ரீயா வர்ற ஓடிடியும் நிறைய இப்படித்தான், மொபைல் மட்டும்னு சின்ன எழுத்துல போட்டுருப்பாங்க. 2025 கடைசில இருந்து, ரிமோட் உள்ள பெரும்பாலான டிவிக்கு ஃபோன்ல இருந்து காஸ்ட் பண்ணுறதையே நெட்ஃபிளிக்ஸ்ல நிறுத்திட்டாங்க, நேத்து வரைக்கும் இருந்த பட்டன் இன்னைக்கு காணோம்னா அதுதான் காரணம், டிவி ஆப்லயே போய் பாருங்க.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படுறது, நம்ம ஃபோன்லயே இருக்குற சொந்த வீடியோ. கொழந்த மொத மொத நடந்தது, ஊர் திருவிழா, அக்கா கல்யாணம், வெளிநாட்டுல இருக்குற புள்ள அனுப்புனது. இதெல்லாம் எந்த ஓடிடிலயும் கெடைக்காது, இத தான் எல்லாரும் சேந்து பெருசா பாக்கணும்.

டிவில கூகுள் காஸ்ட் இருந்தா கூகுள் ஃபோட்டோஸ் ஆப்ல வீடியோவ தொறந்து காஸ்ட் பட்டன அமுக்குனா போதும், ஃபோட்டோவையும் ஒண்ணொண்ணா தள்ளி தள்ளி காட்டலாம். ஃபோல்டர்ல கெடக்குற பெரிய ஃபைல், கல்யாண வீடியோ மாதிரி ரெண்டு மூணு ஜிபி சைஸ் இருக்குறது, இதுக்கு விஎல்சினு ஒரு வீடியோ பிளேயர் ஆப் போட்டுக்கோங்க, ஃப்ரீ, விளம்பரம் கிடையாது, 2018ல வந்த 3.0 வெர்ஷன்ல இருந்து க்ரோம்காஸ்ட் சப்போர்ட் இருக்கு. ஆப் தொறந்து மேல காஸ்ட் பட்டன்ல டிவிய தேர்ந்தெடுத்துட்டு அப்புறம் வீடியோவ தொடுங்க. அந்த வீடியோ ஃபார்மட் டிவிக்கு ஒத்துவரலன்னா விஎல்சி ஃபோன்லயே மாத்தி மாத்தி அனுப்பும், அப்ப மட்டும் ஃபோன் சூடாகும், சார்ஜும் எறங்கும், பழைய ஃபோனா இருந்தா திக்கவும் செய்யும். செட்டிங்ஸ்ல காஸ்டிங்குள்ள கன்வெர்ஷன் குவாலிட்டினு ஒண்ணு இருக்கு, அத கொறச்சா ஓரளவு சரியாகும். வெப் வீடியோ காஸ்டர்னு இன்னொரு ஆப், அதுல சாம்சங், எல்ஜி, ஃபயர் டிவிக்கும் அனுப்பலாம், விளம்பரம் வரும், ஆனா வேல நடக்கும்.

சாம்சங், எல்ஜி டிவி வச்சுருக்குறவங்களுக்கு டிஎல்என்ஏனு ஒரு பழைய வழி இருக்கு, 2003ல ஆரம்பிச்ச அமைப்பு, 2017ல அமைப்ப கலைச்சுட்டாங்க, ஆனா அவங்க போட்டு வச்ச முறை இன்னைக்கும் டிவிக்குள்ள உயிரோட இருக்கு. ஃபோன்ல பபுள்யூபிஎன்பி மாதிரி ஒரு ஆப் போட்டு டிவிய தேர்ந்தெடுத்தா ஃபோன்ல இருக்குற ஃபைல் வைஃபை வழியா நேரா டிவிக்கு போகும். இதுல ஒரு சொட்டு இன்டர்நெட் டேட்டா கூட செலவாகாது, ஏன்னா ஃபைல் வீட்டுக்குள்ளயே ஃபோன்ல இருந்து ரவுட்டருக்கும் ரவுட்டர்ல இருந்து டிவிக்கும் தான் போகுது.

அப்படியும் திக்குதுன்னா ஃபைலையே டிவிக்குள்ள போட்டுருங்க. ஆண்ட்ராய்ட் டிவில சென்ட் ஃபைல்ஸ் டு டிவினு ஒரு ஆப், ஃபோன்லயும் டிவிலயும் ரெண்டுலயும் போட்டு ஒரு பக்கம் அனுப்பு, ஒரு பக்கம் வாங்குனு அமுக்குனா காப்பி ஆயிரும், அப்புறம் டிவிலயே விஎல்சில ஓட்டலாம், வைஃபை எப்படி இருந்தாலும் கவலை இல்ல. டிவில மெமரி பெரும்பாலும் 8 ஜிபியோ 16 ஜிபியோ தான் இருக்கும், அதுலயும் சிஸ்டமே பாதிய எடுத்துக்கும், பாத்து முடிச்சதும் அழிச்சுருங்க.

படம் ஓடுது சத்தம் மட்டும் வரலன்னா அது ஆடியோ ஃபார்மட் பிரச்சனை, டிடிஎஸ் ஆடியோ உள்ள ஃபைல நிறைய டிவி படிக்காது, விஎல்சில போட்டா பெரும்பாலும் வந்துரும். சத்தம் வருது படம் வரலன்னா ஹெச்இவிசினு ஃபைல் சைஸ கொறைக்குற ஃபார்மட்ல எடுத்த வீடியோவா இருக்கலாம், பழைய டிவிக்கு அது தெரியாது. இனிமே எடுக்குறதாவது சரியா வரணும்னா ஐஃபோன்ல செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள்னு வைங்க, ஆண்ட்ராய்ட்ல கேமரா செட்டிங்ஸ்ல ஹை எஃபிஷியன்சி வீடியோவ ஆஃப் பண்ணுங்க. ஃபைல் சைஸ் பெருசாகும், ஆனா பெரும்பாலான டிவில ஓடும்.

வாட்ஸ்அப்ல வந்த வீடியோ டிவில போட்டா ஏன் கலங்கலா இருக்குனு நிறைய பேரு கேக்குறாங்க. அனுப்பும்போதே வாட்ஸ்அப் அத நசுக்கி தான் அனுப்புது, ஃபோன்ல சின்னதா பாக்குறப்போ தெரியாது, 43 இன்ச்ல எல்லாம் தெரிஞ்சுரும். டிவிய கொற சொல்லி பிரயோஜனம் இல்ல, அனுப்புறவங்ககிட்ட டாக்குமென்ட்டா அனுப்ப சொல்லுங்க, 2 ஜிபி வரைக்கும் போகும், ஒரிஜினல் அப்படியே வரும். இல்லன்னா கூகுள் ஃபோட்டோஸ்ல ஒரு ஆல்பம் போட்டு குடும்பத்துக்கு ஷேர் பண்ண சொல்லுங்க. அப்புறம் தயவுசெஞ்சு விசேஷத்துல வீடியோ எடுக்குறப்போ ஃபோன படுக்க வச்சு எடுங்க, நிமுத்தி எடுத்தா டிவில நடுவுல ஒரு பட்டை மாதிரி தான் வரும், ரெண்டு பக்கமும் கருப்பு.

சரி, மிரரிங். காஸ்ட் பட்டன் இல்லாத ஆப், வெப்சைட்ல ஓடுற வீடியோ, புள்ளைங்களோட ஆன்லைன் கிளாஸ், கேம், ஆஃபீஸ் பிரசன்டேஷன், இதுக்கெல்லாம் இதுதான். ஆண்ட்ராய்ட் பக்கம் இதுக்கு பின்னாடி இருக்குறது மிராகாஸ்ட், 2012ல வைஃபைக்கு முறை வகுக்குற வைஃபை அலையன்ஸ் அமைப்பு கொண்டு வந்தது. இதோட பெரிய நல்ல விஷயம் ரவுட்டரே வேணாம், இன்டர்நெட்டும் வேணாம், ஃபோனும் டிவியும் தங்களுக்குள்ள நேரடி வைஃபை போட்டு பேசிக்கும். நெட் கனெக்ஷன் இல்லாத கிராமத்து வீட்ல பாட்டிக்கு கல்யாண வீடியோ போட்டு காட்டணும்னா இது ஒண்ணு போதும்.

ஆனா ஒவ்வொரு கம்பெனியும் இதுக்கு ஒவ்வொரு பேர் வச்சு நம்மள கொழப்பிட்டாங்க. சாம்சங்ல மேல இருந்து இழுத்தா வர்ற பேனல்ல ஸ்மார்ட் வியூ. ஷாவ்மில வெறும் காஸ்ட்னு இருக்கும், ஒப்போ, ரியல்மில ஸ்க்ரீன்காஸ்ட், விவோல ஸ்மார்ட் மிரரிங் இல்லன்னா ஸ்க்ரீன் காஸ்ட்னு இருக்கும். கண்ணுல படலன்னா செட்டிங்ஸ் தொறந்து மேல இருக்குற சர்ச்ல காஸ்ட்னு அடிங்க, வந்துரும். டிவி பக்கமும் தயாரா இருக்கணும், சில டிவில ஸ்க்ரீன் மிரரிங், ஸ்க்ரீன் ஷேர், மிராகாஸ்ட்னு ஒரு ஆப் மாதிரி இருக்கும், மொதல்ல ரிமோட்ல அத தொறந்து வச்சுட்டு அப்புறம் ஃபோன்ல தேடணும். பல ஃபயர் டிவி மாடல்ல ரிமோட்ல ஹோம் பட்டன அழுத்தி புடிச்சா மிரரிங்னு வரும். கூகுளோட பிக்சல் ஃபோன் வச்சுருக்குறவங்க கவனிங்க, அதுல மிராகாஸ்ட் கெடையாது, கூகுள் காஸ்ட் இருக்குற டிவிக்கு மட்டும்தான் மிரர் ஆகும்.

மிரர் பண்ணுறதுக்கு முன்னாடி ரெண்டு வேல மறக்காம செய்யுங்க. டூ நாட் டிஸ்டர்ப் போட்டுருங்க, இல்லன்னா பேங்க் மெசேஜ், ஓடிபி, சொந்த விஷயம் எல்லாம் வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னாடி டிவில பெருசா வந்து நிக்கும். பேட்டரி சேவர ஆஃப் பண்ணுங்க, அது ஆன்ல இருந்தா பாதில கட் ஆகலாம். மிரரிங்ல கேம் ஆடுறப்போ கொஞ்சம் லேட்டா தெரியும், அது இதோட இயல்பு, ஃபோன் வீடியோவா மாத்தி அனுப்பி டிவி அத திரும்ப பிரிச்சு காட்ட நேரம் ஆகுதுல்ல.

ஓடிடி படத்த மிரர் பண்ணா கருப்பா வந்து சத்தம் மட்டும் கேக்குதா, ஃபோன்லயும் கோளாறு இல்ல டிவிலயும் கோளாறு இல்ல, காப்பி அடிக்க கூடாதுனு படத்த பூட்டி வச்சுருக்காங்க. இத ஒடைக்க வழி சொல்றேன்னு வர்ற ஆப் எதையும் போடாதீங்க. பொதுவாவே ப்ளே ஸ்டோர்ல ஸ்க்ரீன் மிரரிங்னு தேடுனா நூத்துக்கணக்குல ஆப் வரும், பாதி ஆப் ஃபோன்ல ஏற்கனவே இருக்குற செட்டிங்க தான் தொறந்து காட்டும், நடுவுல விளம்பரம், மூணு நாள் ஃப்ரீனு சொல்லி வாரா வாரம் காசு புடிக்குறது வேற. பெரியவங்க ஃபோன்ல இப்படி ஏதாவது கெடந்தா சப்ஸ்கிரிப்ஷன கேன்சல் பண்ணிட்டு அப்புறம் ஆப தூக்குங்க, ஆப மட்டும் அழிச்சா காசு போறது நிக்காது.

ஐஃபோன்காரங்களுக்கு வழி வேற. ஐஃபோன்ல மிராகாஸ்ட் கெடையாது, ஆப்பிளோட ஏர்பிளே தான். 2019ல இருந்து சாம்சங், எல்ஜி, சோனி டிவில பல மாடல்ல ஏர்பிளே 2 உள்ளயே வருது, டிவி செட்டிங்ஸ்ல ஏர்பிளேனு இருக்கானு பாத்து ஆன் பண்ணுங்க. அப்புறம் ஃபோட்டோஸ்ல வீடியோவ தொறந்து ஷேர் பட்டன்ல ஏர்பிளே தொட்டா அந்த வீடியோ மட்டும் போகும், முழு ஸ்க்ரீனும் போகணும்னா கன்ட்ரோல் சென்டர்ல ஸ்க்ரீன் மிரரிங். மொத தடவ டிவில ஒரு கோட் காட்டும், அத ஃபோன்ல அடிக்கணும். ஏர்பிளே இல்லாத ஆண்ட்ராய்ட் டிவியா இருந்தாலும் யூடியூப், கூகுள் ஃபோட்டோஸ் மாதிரி ஆப்ல ஐஃபோன்லயும் காஸ்ட் பட்டன் இருக்கு. அது டிவிய கண்டுபிடிக்கலன்னா பத்துல ஒம்பது தடவ காரணம் ஒண்ணுதான், மொத தடவ ஆப் தொறக்குறப்போ லோக்கல் நெட்வொர்க் பெர்மிஷன் கேக்கும், யோசிக்காம வேணாம்னு அமுக்கிருப்பீங்க. செட்டிங்ஸ், பிரைவசி அன்ட் செக்யூரிட்டி, லோக்கல் நெட்வொர்க்ல போய் அந்த ஆப ஆன் பண்ணுங்க. ஆண்ட்ராய்ட் 13க்கு மேலயும் நியர்பை டிவைசஸ்னு இதே மாதிரி ஒரு பெர்மிஷன் இருக்கு, அதையும் பாத்துக்கோங்க.

எல்லாம் சரியா இருந்தும் டிவி பேரு வரலன்னா வரிசையா இத பாருங்க. ஃபோன்ல விபிஎன் (நெட்ட வேற சர்வர் வழியா சுத்தி விடுற ஆப்) ஓடுதானு பாருங்க, ஓடுனா ஆஃப். ஃபோனோ டிவியோ ரவுட்டரோட கெஸ்ட் நெட்வொர்க்ல (விருந்தாளிக்குனு தனியா குடுக்குற வைஃபை) மாட்டிருக்கானு பாருங்க, கெஸ்ட்ல இருக்குற டிவைஸ் மத்ததோட பேச விடாது, ஹாஸ்டல், லாட்ஜ் வைஃபைலயும் இதே கதைதான், அங்க காஸ்டிங் பெரும்பாலும் நடக்காது, மிரரிங் இல்லன்னா யூடியூப் டிவி கோட் தான். ரவுட்டர் செட்டிங்ல ஏபி ஐசொலேஷன்னு ஒண்ணு ஆன்ல இருந்தாலும் இப்படித்தான் ஆகும், கனெக்ஷன் குடுத்த லோக்கல் ஆபரேட்டர்கிட்ட சொன்னா ஆஃப் பண்ணி தருவாரு. டிவில தேதி நேரம் சரியா இருக்கானு பாருங்க, கரன்ட் போய் வந்து தேதி பழசுக்கு போயிருந்தா எந்த ஆப்பும் நெட்டோட பேசாது. கடைசியா டிவிய ரிமோட்ல ஆஃப் பண்ணாம சுவிட்ச்லயே அணைச்சு ஒரு நிமிஷம் விட்டு போடுங்க, ரிமோட்ல அணைக்குறப்போ அது தூங்க தான் செய்யுது.

ஃபேக்டரி ரீசெட்ட மட்டும் கடைசி வரைக்கும் தொடாதீங்க. 2025 மார்ச்ல பழைய ரெண்டாம் தலைமுறை க்ரோம்காஸ்ட் (டிவில மாட்டுற கூகுளோட காஸ்டிங் கருவி) எல்லாம் உலகம் முழுக்க ஒரே நேரத்துல வேல செய்யாம போச்சு, உள்ள இருந்த ஒரு டிஜிட்டல் சர்டிஃபிகேட் காலாவதி ஆனது தான் காரணம், ரீசெட் பண்ணாதீங்கனு கூகுளே சொல்லிட்டு சில நாள்ல அப்டேட் அனுப்பி சரி பண்ணாங்க, அவசரப்பட்டு ரீசெட் பண்ணவங்க தான் கூடுதலா கஷ்டப்பட்டாங்க.

திக்குற பிரச்சனைக்கு பெரும்பாலும் காரணம் நெட் ஸ்பீடு இல்ல, வீட்டுக்குள்ள வைஃபை தான். நெட்ஃபிளிக்ஸ் கேக்குறது ஃபுல் ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் தான், 40, 100 எம்பிபிஎஸ் கனெக்ஷன்ல இது ஒண்ணுமே இல்ல. ஆனா ரவுட்டர் வாசல்கிட்ட இருக்கு, டிவி ஹால தாண்டி ரூம்ல இருக்கு, நடுவுல ரெண்டு செங்கல் சுவரு, 2.4ல அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் ஒரே எடத்துல நெருக்கிகிட்டு நிக்குது. டிவியும் ஃபோனும் 5 ஜிகாஹெர்ட்ஸ் புடிக்கும்னா அதுல போடுங்க, அது சுவர தாண்டி ரொம்ப தூரம் போகாது, ஒரே ரூம்னா அருமையா இருக்கும். விலை கம்மியான நிறைய டிவி 2.4 மட்டும்தான் புடிக்கும், அதுக்கு ரவுட்டர டிவி பக்கத்துல கொண்டு வாங்க, அதுவும் டிவிக்கு பின்னாடி மறைச்சு வைக்காம வெளிய தெரியுற மாதிரி வைங்க. முடிஞ்சா ரவுட்டர்ல இருந்து டிவிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துருங்க, ஃபோன் ஒயர் இல்லாமதான் இருக்கும், டிவி மட்டும் ஒயர்ல, காஸ்டிங் அப்படியே வேல செய்யும், திக்கவே திக்காது.

பாத்து முடிச்சதும் ஃபோன்ல ஆப மூடிட்டா டிவி நிக்காது, காஸ்ட் பட்டன திரும்ப அமுக்கி ஸ்டாப் காஸ்டிங்னு குடுக்கணும். ஒரே வைஃபைல இருக்குற மத்த ஆண்ட்ராய்ட் ஃபோன்லயும் நோட்டிஃபிகேஷன்ல உங்க வீடியோவோட பாஸ் பட்டன் வரலாம், அடுத்த ரூம்ல இருக்குற பையன் தெரியாம தொட்டு படம் நின்னுரும், அவன் ஃபோன் செட்டிங்ஸ்ல கூகுள்குள்ள காஸ்ட் ஆப்ஷன்ஸ்ல அத ஆஃப் பண்ணலாம். அபார்ட்மென்ட்ல இருக்குறவங்க இன்னும் ஒண்ணு செய்யணும், பக்கத்து வீட்டு ஃபோன் உங்க டிவிய மிரரிங் லிஸ்ட்ல பாக்க முடியும், அதனால யாராவது கனெக்ட் பண்ணா டிவி அனுமதி கேக்குற மாதிரி வைங்க. சாம்சங்ல செட்டிங்ஸ்ல எக்ஸ்டர்னல் டிவைஸ் மேனேஜர், அதுக்குள்ள டிவைஸ் கனெக்ட் மேனேஜர்ல இருக்கும், மாடலுக்கு மாடல் எடம் கொஞ்சம் மாறும். டிவிக்கு ஹால் டிவி, ரூம் டிவினு நீங்களா ஒரு பேரு வச்சுருங்க, கம்பெனி வச்ச மாடல் நம்பரோட நாலு டிவி லிஸ்ட்ல வந்தா எது நம்மளதுனு தெரியாம பக்கத்து வீட்ல போய் படம் காட்டிருவோம்.

வீட்ல பழைய டிவி இருக்கு, ஸ்மார்ட் இல்லன்னா ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருந்தா போதும், ஃபயர் டிவி ஸ்டிக்கோ கூகுள் டிவி பாக்ஸோ மாட்டிக்கலாம். க்ரோம்காஸ்ட் ஸ்டிக் தயாரிக்குறத கூகுள் 2024ல நிறுத்திட்டாங்க, கடைல பழைய ஸ்டாக் கெடந்தா வாங்க வேணாம். ஸ்டிக்குக்கு கரன்ட்ட டிவி யூஎஸ்பில இருந்து எடுக்காம கூட வந்த அடாப்டர்லயே போடுங்க, இல்லன்னா பவர் பத்தாம அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். இதெல்லாம் வேணாம், டைப் சி டு ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டுக்கலாம்னு நெனைக்குறவங்க காசு குடுக்குறதுக்கு முன்னாடி உங்க ஃபோன் டைப் சி ஓட்டை வழியா வீடியோ அவுட் (படத்த ஒயர்ல வெளிய அனுப்புறது) குடுக்குமானு பாத்துக்கோங்க, ஐஃபோன் 15க்கு மேல பொதுவா குடுக்கும், சாம்சங் எஸ் சீரிஸ் குடுக்கும், 15 ஆயிரம் ரூபா ரேஞ்சுல வர்ற பெரும்பாலான ஆண்ட்ராய்ட் ஃபோன் குடுக்காது.